தங்கச்சி எனக்காகப் பேசிய நாள்

சிங்களம் இவ்வளவு சுருக்கமான பாஷை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூக்கைச் சிந்திச் சிந்தி, சேலைத் தலைப்பு நனைய நனைய நான் கொட்டித் தீர்த்ததை என் தங்கச்சி இரண்டே வாக்கியத்தில் டொக்டர் மிஸ்ஸிடம் சொல்லி முடித்துவிட்டாள். மிஸ் தலையை ஆட்டினார், எழுதினார், என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். கெட்டிக்காரி, என் குப்பை முழுவதையும் கூட்டி அள்ளி ஒரு கைக்குள் அடக்கிவிட்டாளே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. என் வீட்டுக்காரருக்கும் அதேதான் இருந்தது. மலையில் அட்டை கடித்த இடம் ஆறாமல் அவருக்குக் கால் விரலில் புண் வந்தது. விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எதுவும் மிச்சமில்லை. நாங்கள் குடியிருக்கிற தோட்டத்து லயம், வரிசை வீடுகள், மேட்டில் இருக்கிறது, வாகனம் ஏறாது. ஒவ்வொரு தடவையும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுதான் ரோட்டுக்கு இறங்குவார்கள். கடைசித் தடவை தூக்கியவர்கள், மனுஷன் பாரமே இல்லையே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அந்தத் தடவை போனவர் உயிரோடு திரும்பவில்லை.

அவருக்குக் கருமாதி முடிந்து கொஞ்ச நாளில், தோட்டத்துக்கு வந்து இரத்தம் சோதித்தவர்கள் எனக்கும் சீனி என்றார்கள். நான் அழவில்லை. சரி, நம்ம முறை வந்துவிட்டது என்று மட்டும் நினைத்தேன்.

மாதா மாதம் கிளினிக்குக்குப் போவேன். மாத்திரை தருவார்கள். வாங்கி வந்து சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். போடமாட்டேன். மறதி என்று நினைத்துவிடாதீர்கள்; மறதிக்காரி என்றைக்காவது ஞாபகம் வந்து போட்டுவிடுவாள். நான் வேண்டுமென்றே விட்டேன். அவர் ஒரு வேளை தவறாமல் விழுங்கினாரே, என்னத்தைக் கண்டார்? காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க எழும்பும்போதே, இது ஏன் விடிந்து தொலைக்கிறது என்றிருக்கும். சோறு தொண்டையில் இறங்காது. இறங்காத சோற்றை ஒரு நாள் சட்டியோடு வழித்துத் தின்பேன். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டே பால் விடாத பிளேன்டி குடிப்பேன், யார் என்னைக் கேட்பது என்று. குளிக்கும்போது காலைத் தேய்ப்பேனே தவிர, குனிந்து பார்க்கமாட்டேன். பாதத்தில் என்ன இருக்கிறதோ என்று பயம். அந்தப் பயத்தை யாரிடமும் சொன்னதில்லை.

கிளினிக்கில் இரத்தம் பார்த்துவிட்டு ஏசுவார்கள். சோற்றைக் குறை, ரொட்டியைக் குறை, தேத்தண்ணிக்குச் சீனி போடாதே. எல்லாரும் என் வாய்க்குள் போவதைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். ஏன் அம்மா இப்படி இருக்கிறாய் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

கடைசியில் சீனிக் கிளினிக்கில் ஒரு டொக்டர், சிங்களப் பிள்ளை, சின்ன வயது, நான் தலையே நிமிர்த்தாததைக் கவனித்துவிட்டார். ஏதோ எழுதிக் கொடுத்து, உடைந்த தமிழில், அடுத்த முறை பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு டொக்டர் மிஸ்ஸைப் பார்க்கச் சொன்னார். அது மனநலப் பிரிவு. எங்கள் தோட்டத்தில் அதற்குப் பைத்தியக் கிளினிக் என்று பெயர். அங்கே போன ஆள் யாரென்று தெரிந்தால் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிறுவை முடியும்வரை அதே பேச்சாக இருக்கும். இருந்தாலும் நான் போக நினைத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு மனுஷியாவது கேட்கட்டுமே என்று தோன்றியது.

ஆனால் மிஸ்ஸுக்குத் தமிழ் வராது. எனக்குத் தெரிந்த சிங்களம் கடைச் சிங்களம். வெங்காயம் என்ன விலை என்று கேட்பேன், பஸ் டயகமவுக்குப் போகுமா என்று கேட்பேன். நெஞ்சுக்குள் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்ல எனக்கு அந்தப் பாஷை போதாது. எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் வெளியாளைத் தேடுகிற வழக்கம் இல்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் கொழும்பில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த ஒருத்தி இருப்பாள். பொலிசுக்குப் போனாலும், கிராம சேவகரிடம் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவள்தான் அந்தக் குடும்பத்துக்கு வாய். எங்கள் வீட்டில் அது தங்கச்சி. சொந்த இரத்தம் இருக்க வேறு யாரை அழைத்துக்கொண்டு போவது? தப்பு அங்கேதான் நடந்தது. ஆனால் எங்கள் ஆட்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அவள் என் லயத்திலேயே கடைசிக் காம்பராவில் இருக்கிறாள். வாய்க்காரி. சிங்களத்தில் திட்டினால் பஸ் கண்டக்டரே வாயை மூடிக்கொள்வான். என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்தபோது அவருக்குப் புண் கழுவியவள் அவள்தான்; எனக்கே குமட்டிய வாடையில் அவள் முகம் சுளிக்கவில்லை. அதனால் அவளை நம்பினேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. நம்பிக்கை என்று தனியாக ஒன்றை அவளுக்காக எடுத்து வைக்க வேண்டிய அவசியமே எனக்கு இருந்ததில்லை.

நோர்வூட்டுக்கு இறங்கி பஸ் ஏறினோம். அவள் மகளுக்கு டயகம பக்கத்தில் மாப்பிள்ளை பேசியிருந்த நேரம். வழி முழுக்க அந்தப் பேச்சுத்தான். பையன் நல்ல நிறமாம், குடிக்கமாட்டானாம். எனக்கும் அந்தப் பிள்ளை மேல் உயிர். பெற்றது ஒரு மகன்தான், அவனும் கொழும்பில் கடையில் நிற்கிறான். தங்கச்சி மகளைத்தான் என் பெண்பிள்ளையாக நினைத்திருந்தேன்.

மிஸ்ஸின் அறையில் கதவைச் சாத்தினார்கள். மிஸ் ஏதோ கேட்டார். என்ன கஷ்டம்னு கேக்குறாங்க, சொல்லுக்கா என்றாள் தங்கச்சி. நான் சொல்ல ஆரம்பித்தேன். ஆரம்பித்தது எனக்கே நிற்கவில்லை. மாத்திரையை வேண்டுமென்றே போடுவதில்லை என்று சொன்னேன். அவர் கால் போனதைச் சொன்னேன், என் காலைப் பார்க்கப் பயமாக இருப்பதைச் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றையும் சொன்னேன்.

"எனக்கு இருக்கப் புடிக்கல. அவரு போன எடத்துக்கே போயிருவோமான்னு இருக்கு. அதுக்குத்தான் மாத்திரைய விட்டுட்டேன்."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிஸ் பக்கம் திரும்பி அந்த இரண்டு வாக்கியத்தைச் சொன்னாள். நடுவில் கக்குல என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அவருக்கு வைத்தியம் பார்த்த நாட்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல், கால் என்று அர்த்தம். அவர் கதையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மிஸ் இன்னொரு கேள்வி கேட்டார். அதற்குத் தங்கச்சி என்னைக் கேட்காமலே ஆமாம் என்று தலையாட்டினாள்.

வெளியே வந்தபோது எனக்கு உடம்பே லேசாகியிருந்தது. பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பாவம், எனக்காக ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டாள் என்று அவள் தலை நழுவாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு சில நாட்கள் நன்றாகத் தூங்கினேன். சோறும் கொஞ்சம் இறங்கியது. படித்த மனுஷி ஒருத்தி என் கதையைக் கேட்டுவிட்டார், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்ற தைரியம். என் கதையைக் கேட்டே இராத ஆளை நம்பி நான் ஆறுதல் அடைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த கிளினிக்கில் சீனி டொக்டர் மாத்திரையைக் கூட்டினார். புதிதாகவும் ஒன்று சேர்த்தார். ஒழுங்காகப் போட்டும் சீனி இறங்கவில்லை என்று நினைத்தால் கூட்டத்தானே செய்வார்கள்? அன்றைக்கும் பக்கத்தில் தங்கச்சிதான் நின்று பேசினாள். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை எல்லாவற்றையும் அவளே எடுத்துக்கொண்டாள். காலையில் பெரட்டுக்கு முன்னால் வருவாள், வேலை விட்டு வந்ததும் வருவாள். தண்ணீரைக் கையில் கொடுத்து, நான் விழுங்கும்வரை வாசல் இஸ்தோப்பில் நிற்பாள். வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். நான் சிரித்துக்கொண்டே காட்டுவேன். இவ்வளவு பாசமா என்று எனக்குக் கண் கலங்கும். அவளுக்காகவாவது போடுவோம் என்று, கூட்டிக் கொடுத்த மாத்திரை அத்தனையையும் ஒன்று விடாமல் விழுங்கினேன்.

ஒரு நாள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். மிஸ்ட் இறங்கி எல்லாரும் குளிரில் நடுங்க, எனக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கிக் கொழுந்து கூடைக்குள் விழாமல் கீழே விழுந்தது. பக்கத்து நிரையில் நின்றவள் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்து தன் போத்தலில் இருந்த இனிப்புத் தேத்தண்ணியை நீட்டினாள். குடித்திருந்தால் அப்போதே தெளிந்திருப்பேன். ஆனால் மற்றவர்கள் விடவில்லை. சீனிக்காரிக்கு இனிப்புக் கொடுத்துக் கொல்லப் பார்க்கிறாயா என்று அவளைத் திட்டிப் போத்தலைப் பிடுங்கிவிட்டார்கள். பச்சைத் தண்ணீரைக் கொடுத்தார்கள். எல்லாம் நல்லது நினைத்துச் செய்ததுதான். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கொழுந்து ஏற்றுகிற லொறியில், சாக்குகளுக்கு மேல் என்னைக் கிடத்தித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம்.

கண் விழித்தபோது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. சீனி அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்றார்கள். மறுநாள் மனநலப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். புதிதாக வந்தவள், தோட்டத்தில் பிறந்து படித்து மேலே வந்த நம்ம பிள்ளை. பேச்சைக் கேட்டதுமே தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது, இந்த இடத்தில் தமிழ் கேட்டால் அப்படித்தான் இருக்கும். தங்கச்சியும் அப்போது வந்துவிட்டாள், கஞ்சி பிளாஸ்கோடு கட்டிலின் மறுபக்கம் நின்றாள்.

மாத்திரையை வேண்டுமென்றே கூடுதலாகப் போட்டேனா என்று அந்தப் பெண் தணிவாகக் கேட்டாள். அப்படி இல்லை மிஸ், இப்போதுதான் ஒழுங்காகப் போடுகிறேன், முன்னால்தான் போடவே இல்லை, அதைத்தான் பெரிய மிஸ்ஸிடம் அன்றைக்கே சொன்னேனே என்றேன். அவள் முகம் மாறியது. கையிலிருந்த கோப்பைப் புரட்டினாள். பெரிய மிஸ் அப்படி எதுவும் எழுதவில்லையே என்றாள். கால் வலிக்கிறது, தூக்கம் வரவில்லை, மாத்திரை தவறாமல் போடுகிறார், அவ்வளவுதான் என்றாள்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. டொக்டர் மிஸ் கவனிக்காமல் எழுதிவிட்டாரோ என்று அந்த நல்ல மனுஷி மேல்தான் கோபம் வந்தது. பிறகு கட்டிலுக்கு மறுபக்கம் பார்த்தேன். தங்கச்சி பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே இறுக்கித்தான் இருந்தது.

"நீங்க சாகணும்போல இருக்குன்னு யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"சொன்னேன் மிஸ். டொக்டருக்குச் சொன்னேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இந்தா நிக்கிறாளே, இவளுக்கு மட்டுந்தான் சொல்லியிருக்கேன்."

அந்தப் பெண் தங்கச்சியை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வருகிறேன் என்று என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். அவள் போனதும் தங்கச்சி அழ ஆரம்பித்தாள்.

"அந்த வார்த்தைய நான் எப்பிடிக்கா என் வாயால சொல்றது? சொன்னா நெசமாப் போயிருமோன்னு பயந்துட்டேன்."

எனக்கு மனசு இளகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் அவள் நிறுத்தியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். கூடப் பிறந்தவளின் சாவை வேறு பாஷையில் எடுத்துச் சொல் என்றால் யாருக்குத்தான் நா எழும்பும்? ஆனால் எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. அதையும் கேட்டேன். சரி, டொக்டரிடம் சொல்ல வரவில்லை, வீட்டுக்கு வந்த பிறகாவது ஏன்க்கா இப்படிச் சொன்னாய் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினாயே?

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழுகிறவளை மடக்கியதில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்புறம் வந்தது உண்மை.

"சொல்லியிருந்தா ஒன்ன அந்த வாட்டுல போட்டிருப்பாங்க. மாப்பிள்ளையோட அத்தை அங்கதான் வேலை செய்யுது. பைத்தியம் புடிச்ச குடும்பம்னு எம்புள்ளைய வேணாமுன்னுருவாங்க. நான் எம்புள்ளையப் பாப்பேனா, ஒன்னப் பாப்பேனா?"

அதற்குப் பிறகு, அதான் நானே மாத்திரை ஊட்டிவிட்டேனே, இன்னும் என்ன வேண்டும் என்றாள். அவள் கணக்கில் அது சரியாகிவிட்டது. அக்கா மாத்திரை போடுகிறாள் என்று பொய் சொன்னாள், பிறகு போடவைத்து அந்தப் பொய்யை உண்மையாக்கிவிட்டாள். மாத்திரையைக் கூட்டியது அந்தப் பொய்யை நம்பித்தான் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. கையில் ஊசி குத்தியிருந்ததால் தப்பித்தாள், இல்லாவிட்டால் அறைந்திருப்பேன்.

டொக்டருக்குத் தெரியாமல் போனதை நான் பொறுத்துக்கொள்வேன். அவருக்கு நான் யார்? ஆனால் இவளுக்குத் தெரியும். என் நெஞ்சில் இருந்த கடைசிச் சொல்வரை கேட்டவள் இந்த உலகத்தில் இவள் ஒருத்திதான். கேட்டுவிட்டு, கல்யாணச் சேலைக்கு எந்த நிறம் எடுக்கலாம் என்று என்னிடமே யோசனை கேட்டாள். காலையும் மாலையும் என் வாயைத் திறந்து பார்த்தாளே, அது நான் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்கா, கல்யாணம் வரைக்குமாவது இருக்க வேண்டும் என்பதற்கா? இந்தக் கேள்வி எனக்கு இன்னும் ஓயவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை. எந்தப் பதில் சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை.

பரிசம் போட்ட அன்றைக்குப் போனேன். போகாவிட்டால் ஊர் வாய்க்கு அவல். மாப்பிள்ளையின் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தீங்களாமே, இப்போது எப்படி என்று அக்கறையாகக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் தங்கச்சி எங்கிருந்தோ வந்து நின்றாள். அக்காவுக்குச் சீனிதான், வேறு ஒன்றுமில்லை என்றாள். தமிழில்கூட எனக்காக அவளே பேசிவிட்டாள். தங்கச்சி மகளின் முகத்தைப் பார்த்து நான் அடக்கிக்கொண்டேன். அவள் என்ன பாவம் செய்தாள்?

இப்போது அந்தத் தமிழ்ப் பெண் இருக்கிற நாளில்தான் போகிறேன். சீனிக் கிளினிக்கிலும் அவளே வந்து எடுத்துச் சொல்லி மாத்திரையைக் குறைக்க வைத்தாள். என் மாத்திரையை நானே போடுகிறேன். எல்லா நாளும் மனசோடு போடுகிறேன் என்று சொன்னால் பொய். அவள் என்னைச் சோற்றைப் பற்றிக் கேட்பதில்லை. ஒரு நாள், கடைசியாக எப்போது உங்கள் பாதத்தைப் பார்த்தீர்கள் என்று கேட்டாள். நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றச் சொல்லி, பக்கத்தில் குந்தி, நீங்கள் பார்க்கவேண்டாம், நான் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். புண் ஒன்றும் இல்லைக்கா, வெடிப்புத்தான் என்றாள். பிறகு நானும் பார்த்தேன். தேயிலைச் சாயம் ஏறிய, வெடித்த, என்னுடைய இரண்டு கால். அன்றைக்கு நான் அழுத அழுகையில் அவள் அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள் பயந்திருப்பார்கள்.

போன முறை போனபோது தங்கச்சி கூடவே வந்தாள். வரவேண்டாம் என்று சொல்லியும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். கல்யாணம் நல்லபடி முடிந்துவிட்டதால் அவளுக்கு இப்போது என் மேல் பழைய பாசம். அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். பேசி முடித்த பிறகு அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். மறுபடியும் அந்த மாதிரி நினைப்பு வந்து, நீங்கள் கிளினிக்குக்கும் வராமல் இருந்துவிட்டால் யாருக்குப் போன் செய்வது? கூப்பிட்டவுடன் உங்களிடம் ஓடிவருகிற ஒரு ஆள் வேண்டும் என்றாள்.

மகனை நினைத்தேன். அவன் கொழும்பிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பக்கத்துக் காம்பராக்காரியை நினைத்தேன். அவளிடம் சொன்னால் மறுநாள் மடுவத்துக்கே தெரியும். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. கதவு இடுக்கில், பெஞ்சில் உட்கார்ந்து என் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவள் தெரிந்தாள். வேறு யாரும் இல்லை.

"அவளுக்கே போன் பண்ணுங்க மிஸ்," என்றேன். "எந்த நேரமா இருந்தாலும் ஓடி வருவா. ஆனா என்னப் பத்தி அவ என்ன சொன்னாலும் நம்பிறாதீங்க."